சிவப்பணுவில் ஒரு தப்பு

— அந்த ஸ்லைடை இன்னும் எவ்வளவு நேரம் தேய்ப்பீங்க? கண்ணாடி கரைஞ்சிடப் போகுது.

— கறை இருக்கு.

— கறை ஸ்லைடுல இல்ல, பாதி டாக்டரே. உங்க மூஞ்சியில இருக்கு.

— கிண்டல் பண்ணாத. வெளியில பியூன் நிக்கறாரு.

— நிக்கட்டுமே. யுனிவர்சிட்டியில இருந்து வாராவாரம் என் கிளாஸுக்கு உதவ வர்ற ஆராய்ச்சி மாணவர் என் வீட்டுக்காரர்தான்னு ஸ்கூலுக்கே தெரியும்.

— இன்னைக்கு உதவியா பண்ணேன்...

— பண்ணீங்களே. "டீச்சர் சொன்னது தப்பு, மனுஷனோட சிவப்பணுவுல நியூக்ளியஸ் கிடையாது"ன்னு, அத்தனை பிள்ளைங்க முன்னாடி.

— தப்புதானே சொன்ன?

— வேணும்னேதான் சொன்னேன். வாரம் ஒரு தப்பு சொல்வேன், பிள்ளைங்க அதைப் பிடிக்கணும். உங்ககிட்ட சொல்லியிருக்கேனே.

— ம்... ஏதோ வேகத்துல...

— இன்னைக்கு வெச்ச தப்பு ஒருத்திக்காக. 'மௌன விரதம்'னு எல்லாரும் கேலி பண்ணுவாங்களே, அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு.

— அவளுக்காகவா?

— நேத்து அவளைத் தனியா கூப்பிட்டு மைக்ராஸ்கோப்புல ரத்த ஸ்லைடைக் காட்டினேன். "நடுவுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்"னா. இந்த வருஷம் என்கிட்ட அவளா வாய் திறந்து பேசினது அதுதான் முதல் தடவை. அதையே கிளாஸ்ல சொல்ல வெச்சிடலாம்னு பார்த்தேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னா அவளையே பார்த்துக்கிட்டு நிப்பீங்க. உங்க மூஞ்சிக்கு ரகசியம் தாங்காது.

— அப்புறம் உன்கிட்ட வந்தாளா?

— பாவம், கையைப் பாதி தூக்கிட்டா. நீங்க பேசினதும் எல்லாரும் கைதட்டினாங்க. தூக்கின கையால முடியை ஒதுக்கி விட்டுக்கிட்டா. பெல் அடிச்சதும் வந்து, "எனக்கு பயாலஜி வேண்டாம் டீச்சர், வேற பாடம் மாத்திக் குடுங்க"ன்னா.

— நான் போய்ப் பேசட்டுமா?

— என்னன்னு பேசுவீங்க?

— தெரியல...

— விடுங்க, நாளைக்கு நான் பேசிப் பார்க்கறேன். நீங்க கிளாஸ்ல எப்படிப் பண்றீங்கன்னு பார்க்க வந்த உங்க பிஎச்.டி கைடாவது சந்தோஷமா போனாரே. கதவுகிட்ட நின்னு, "பையன் உஷாரா இருக்கான்"னு...

— அதைச் சொல்லாத.

— ஏன்? உங்க தீசிஸுக்கு நல்லதுதானே. அவ கை தூக்கினதை நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. தெரியாம நடந்ததுக்குப் போய் இப்படி உடைஞ்சு போனா எப்படி?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— உன் விளையாட்டும் ஞாபகம் இருந்துச்சு, அவ கை எழும்பினதையும் பார்த்தேன். கைடு பார்த்துக்கிட்டு இருக்காரே, அவ சொல்றதுக்குள்ள நான் சொல்லிடணும்னுதான்... முந்திக்கிட்டேன்.