பேர்ளியின் நன்கொடை

— அஞ்சரைக்கு எழும்பினன். கோப்பி போட்டன், பழக்கத்திலை ரெண்டு கோப்பை. ஒண்டைத் தொட்டிக்குள்ளை ஊத்திப்போட்டன். வில்லியே லே பெலிலை பஸ், பிறகு ரெயின். எட்டு மணிக்கு ரூ பெர்தொனே தெருவிலை இந்தச் சங்க அறைக்குள்ளை வந்தன். மேசையிலை உங்கடை நன்கொடை லிஸ்ட் கிடந்தது. அதிலை என்ரை செத்த மனுசி காசு குடுத்திருக்கிறா. அவ்வளவுதான், முசியே மார்செல்.

— லோறன்ஸ் தம்பி, மொதல்ல உக்காருங்க. நீங்கதானே நம்ம சங்கத்துக் கொமித்தேக்குப் பொருளாளர்? பன்னெண்டு மணிக்குள்ள ஒரு கையெழுத்து வேணும். புதுச் சட்டமாம். எலெக்ஷன்ல நிக்கிற அந்தம்மா ஆபீசுல, நாம வசூலிச்ச காசத் தந்தவங்க பேரு, விலாசம் எல்லாம் கேக்கறாங்க. ஒருத்தர்கிட்ட ஐந்நூறு பிராங்குக்கு மேல வாங்க மாட்டாங்களாம்.

— தந்தது ஒரு ஆள். நகைக்கடை இராஜதுரை. மூவாயிரம்.

— அவர் தன் பேரு வெளிய வரக்கூடாதுன்னுட்டாரு. அதான் ஆறாப் பிரிச்சேன். முப்பது வருசம் போஸ்த்துல தபால் பிரிச்சவன், தப்பு வருமா?

— ஆறு பேரை எங்கை பிடிச்சனீங்கள்?

— எல்லாம் நம்ம சனந்தான்.

— சவரியம்மாள், இஞ்ஞாசி, அந்துவான். நவம்பர் ரெண்டாம் திகதி, செத்தவைக்கு வைச்ச பூசைக்குச் சாமியாரிட்டைக் குடுத்த லிஸ்ட். ஒழுங்கு கூட மாறேல்லை. ஆறாவது என்ரை பேர்ளி. அவவின்ரை பேரை நான்தான் எழுதிக் குடுத்தனான்.

— செத்தவங்கள எவன் போய் விசாரிக்கப் போறான்?

— விலாசத்துக்குப் பொபினிச் சவக்காலை எண்டு எழுதியிருக்கலாம். அதெண்டாலும் உண்மையா இருந்திருக்கும்.

— நக்கல் வேணாம் தம்பி. எனக்கு இதுல என்னா? நான் பிரெஞ்சுக் குடிமகன், எனக்கு வோட்டு இருக்கு. இந்தம்மா ஜெயிச்சா உங்க ஆளுங்க விசாவுக்கு ஒரு வார்த்தை சொல்வாங்க. உங்களுக்காகத்தான் ஓடறேன்.

— ஓம். உயிரோடை இருக்கேக்கை எங்களுக்கு வோட்டு இல்லை. செத்தாப் பிறகு நன்கொடையாளர்.

— இந்தக் கொமித்தேய ஆரம்பிச்சதே பேர்ளிதான். ஆஸ்பத்திரில கடைசியா, "கொமித்தேய விட்டுடாதீங்க"ன்னு சொல்லிச்சு. கூட்டத்துக்குக் கூட்டம் நான் அதச் சொல்றேன். சனம் அழுதுகிட்டே குடுக்குது.

— அந்த அறையிலை நான் மட்டும்தான் நிண்டனான்.

— அப்ப ஏன் மறுக்கல? அது போயி எட்டு மாசமா வாயத் தொறக்காம குந்தியிருந்தீங்களே.

— கூட்டத்திலை ஆராவது அவவின்ரை பேரைச் சொல்லுவினம். அதைக் கேக்கத்தான் வந்தனான். பேனையைத் தாங்கோ.

— அப்படி வாங்க வழிக்கு. இந்தாங்க... என்னா பண்றீங்க? ஆறு பேரையுமா அடிக்கிறீங்க?

— ஓம். இராஜதுரை, மூவாயிரம், கடை விலாசம். கீழை என்ரை கையெழுத்து. பொருளாளரா இதுதான் கடைசி.

— கொமித்தே ஒழிஞ்சிது. அந்தப் பொண்ணு பட்ட பாடெல்லாம் போச்சு... சரி, நான் சொன்னது பொய்யின்னே வச்சுக்குங்க. அது கடைசியா என்னாதான் சொல்லிச்சு?

— "இஞ்சருங்கோ, நான்தான் உங்களைக் கொமித்தேக்குள்ளை இழுத்து விட்டனான். விலகிவிடுங்கோ."