என்ன பிள்ளை

கொடிகாமம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போகும் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

"வயித்துக்கையே செத்த பிள்ளை எண்டு தெரிஞ்சும் கேட்டுப்போட்டனடி," என்றாள் யன்னலோரம் இருந்தவள்.

"என்ன கேட்டனி?"

"பிள்ளை பிறந்த உடனை தூக்கிக் காட்டி, என்ன பிள்ளை எண்டு தாயின்ரை வாயாலையே சொல்ல வைக்கிறனாங்கள் எல்லே. அந்தப் பழக்கத்திலை இதையும் தூக்கிக் காட்டிப்போட்டன்."

மற்றவள் கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

"அவ அழுதவவே?"

"இல்லை. 'பொம்பிளைப் பிள்ளை' எண்டு மெல்லமாச் சொன்னவ. எனக்குக் கேக்கேல்லை. 'சத்தமாச் சொல்லுங்கோ அம்மா' எண்டு சொன்னன்."

"பிறகு?"

"சத்தமாச் சொன்னவ."