மீன் தொட்டிக்குள்ளே யாரும் இல்லை

அக்கா: உள்ள போகாதடா! செருப்பக் கழட்டு.

தம்பி: இது நான் வடிவமைச்ச ரூமாச்சே அக்கா... நானே கழட்டணுமா?

அக்கா: நீ வடிவமைச்சதுதான். ஆனா தலைமையாசிரியை நான். கழட்டு. தாளாளர் சாயங்காலம் பாக்க வர்றாரு, கார்ப்பெட்டுல ஒரு தூசி இருக்கக் கூடாது.

தம்பி: தூசி இல்லக்கா... பிள்ளைங்களும் இல்ல.

அக்கா: அதான் கவலையே! பிள்ளைங்க கூடிப் பேச, இளைப்பாற ஒரு இடம்னு வெளிநாட்டுல எங்கயோ பாத்துட்டு வந்து ஆசையா கேட்டாரு. நாம ரெண்டு பேரும் மண்டைய மண்டைய ஆட்டுனோம். இப்ப வந்து, காலியா கெடக்குறதப் பாத்தா...

தம்பி: டியூஷன் ஹால் ஆக்கிடுவாரு. அவரோட மத்த பள்ளிக்கூடத்துல இதே மாதிரி ரூம் போடுற வேலையும் எனக்கு வராது.

அக்கா: பிள்ளைங்க ஏன்டா இங்க வரமாட்டேங்குதுங்க?

தம்பி: சொன்னா கோவிச்சுக்குவ...

அக்கா: மாட்டேன், சொல்லு.

தம்பி: இந்த போர்டு.

அக்கா: அதுல என்ன? "மனம்விட்டுப் பேசுங்கள்"னுதானே இருக்கு.

தம்பி: அதுக்குக் கீழ "சத்தம் கூடாது"ன்னு இருக்கே!

அக்கா: மெதுவா மனம்விட்டுப் பேசட்டும்.

தம்பி: டைம்டேபிள்ல வேற "இளைப்பாறல்"னு ஒரு பீரியடு! வரிசையா கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறீங்க. சரியா இளைப்பாறாதவன பி.டி. மாஸ்டர் விசிலடிச்சு எழுப்புறாரு.

அக்கா: நீ மட்டும் ஒழுங்கா? நாலு பக்கமும் கண்ணாடி வச்ச. அந்தப் பக்கம் என் ரூமு, இந்தப் பக்கம் ஸ்டாஃப் ரூமு. பிள்ளைங்க இதுக்கு என்ன பேரு வச்சிருக்குதுங்க தெரியுமா? மீன் தொட்டி!

தம்பி: ...வெளிச்சத்துக்காக வச்சேன்க்கா.

அக்கா: அப்புறம் அந்த மூட்டை மாதிரி சேரு. கணக்கு சார் ஒருநாள் உக்காந்துட்டாரு, எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுத்தோம். அதுக்கப்புறம் மனுஷன் இந்தப் பக்கம் தலை வச்சே படுக்கல.

தம்பி: பீன் பேக்குக்கா அது. உடம்புக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கும்.

அக்கா: வளைஞ்சு குடுத்துச்சு. ஆள விடலையே!

தம்பி: சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைய நீ இன்னும் பிரிக்கவே இல்லையே...

அக்கா: அழுக்காயிடும்ல! ஏற்கெனவே ஒரு மஞ்சள் தலகாணியக் காணோம். எந்தக் கழுதை தூக்கிட்டுப் போச்சோ...

தம்பி: போகட்டும் விடுக்கா. ஒரு தலகாணிதானே.

அக்கா: ம்... ஆமா. ஒரு தலகாணிதான்.

தம்பி: இப்ப பிள்ளைங்கல்லாம் எங்க... மாடிப்படிக்குக் கீழயா?

அக்கா: வேற எங்க? ஒடஞ்ச பெஞ்சுகளப் போட்டு வச்சிருக்கோமே, அந்த இருட்டுல. நிமிந்தா தலை இடிக்கும், மேல பல்லி ஓடும். அங்க போய் மொய்க்குதுங்க. ஒருத்தி அழுவுறா, ஒருத்தி தேத்துறா, ஒருத்தன் பாடுறான்...

தம்பி: அவன் நேத்துப் பாடுனான் பாரு... அடடா!

அக்கா: நேத்தா? நீ எப்ப கேட்ட?

தம்பி: அது... அந்த வழியா போனப்ப காதுல விழுந்துச்சு.

அக்கா: ஓஹோ.

தம்பி: சரி, ஒரே வழிதான். அந்தப் பெஞ்சுகள பழைய சாமான் கடையில போட்டுடு. போக்கிடம் இல்லாம எல்லாம் இங்க வந்துடும்.

அக்கா: போடலாம்தான்... வண்டி கிடைக்கணுமே.

தம்பி: ஆமா... வண்டி கிடைக்காதுல்ல.

அக்கா: டேய், சாமான் ஏத்துற உன் வண்டி வாசல்லதானே நிக்குது?

தம்பி: அதுல காத்து கம்மிக்கா.

அக்கா: இப்பதானே ஓட்டிட்டு வந்த!

தம்பி: வர்றப்ப இருந்துச்சு...

அக்கா: விளையாடாத. தாளாளர் வர்ற நேரம் ஆச்சு. பெஞ்ச எடுத்தா இந்த ரூமு பிழைக்கும், உனக்கு வேலையும் வரும். எடுக்கலன்னா ரெண்டுமே போச்சு. ஏத்துறியா, இல்லையா?

தம்பி: ...ஏத்த மாட்டேன்க்கா.

அக்கா: ஏன்?

தம்பி: திட்டாத... இங்க வேலை பாக்கி இருக்குன்னு சொல்லிட்டு, தினமும் மத்தியானம் நான் அங்கதான் படுக்குறேன். மூணு கால் பெஞ்சு ஒண்ணு இருக்குல்ல, அதுல. பிள்ளைங்க சலசலன்னு பேசிட்டே இருக்கும்... அப்படியே சொக்கிடும். வீட்டு மெத்தையில கூட அந்தத் தூக்கம் வர்றதில்ல. மஞ்சள் தலகாணியும் அங்கதான் கெடக்கு. ஆனா சத்தியமா நான் எடுக்கலக்கா! நான் போறதுக்கு முன்னாடியே அங்க இருந்துச்சு.

அக்கா: அட பாவி... காலையில நான் போய்ப் படுக்குறப்ப தலகாணியில யாரு எண்ணெய்ப் பிசுக்குன்னு இத்தன நாளா மண்டையப் போட்டு உடைச்சிட்டிருந்தேன்... நீதானாடா? சரி, மீன் தொட்டி போனாப் போகட்டும். அந்த முனையப் புடி, இந்த சோபாவ இழுத்துப் போட்டு மாடிப்படிய மறைச்சிடுவோம். அது மட்டும் அவரு கண்ணுல படவே கூடாது.