இருபத்தி நாலாவது வரி

தண்ணியைக் குடிக்காமலே கீழ வச்சிட்டீங்களே மேடம். எங்க பெரியப்பா ஒண்ணு சொல்லுவாரு. விசாரிக்க வந்தவங்க சொம்பை வாங்கி அப்படியே கீழ வச்சா, வந்த காரியம் வேறன்னு. இல்ல, காரியம் பெருசுன்னு சொன்னாரா... பாதிதான் ஞாபகம் இருக்கு. இருபத்திரெண்டு வருசம் சிங்கப்பூர்ல கெடந்தா இப்படித்தான். மீதிப் பாதிய யார்கிட்ட போய்க் கேக்குறது?

சரி, சொல்லுங்க. திருத்துறைப்பூண்டிலேர்ந்து வர்றேங்கிறீங்க. மன்னார்குடி, தஞ்சாவூருன்னு ரெண்டு எடத்துல பஸ் மாறி, திருக்காட்டுப்பள்ளில எறங்கி, ஆட்டோ புடிச்சு எங்க ஊரு நெல்லுக் களத்துக்கு வந்துருக்கீங்க. இவ்வளவும் ஒரு பொண்ணு யோக்கியமான்னு கேக்க. போன்லயே கேட்டிருக்கலாமே? மூணு வரில முடிஞ்சிருக்கும்.

இல்லல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. தெரிஞ்சிக்கலாம்னுதான். நடராசன் அனுப்பினாரா?

நடராசன் யாருன்னா... அட, நெசமாவே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி கேக்குறீங்களா? எங்க உழவர் சங்கத் தலைவரு. என் வீட்டுக்காரிக்கு அண்ணன், எனக்கு மச்சான். அப்ப ரெத்தினம் அனுப்பினாரா? கனிமொழியோட அப்பா. கீழத்தெரு. வக்கீலைப் பாக்கப் போறாருன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. நீங்க வக்கீல் ஆபீஸ் ஆளா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்லிட்டா நல்லதுங்கிறேன், அவ்வளவுதான்.

சரி. உங்க சங்கத்துலயும் நெல்லு எடை போட, ஈரம் பாக்க மெஷின் வாங்கியிருக்கீங்க. அதுல உக்கார ஆள் வேணும். கனிமொழி விண்ணப்பம் போட்டுருக்கு. அதுல பழைய வேலைன்னு எங்க சங்கம் பேரை எழுதியிருக்கு. எழுதியிருக்கா? எழுதிருச்சா! ம். நான்னா எழுதியிருக்க மாட்டேன். அந்தப் புள்ளைக்கு அழுத்தம் ஜாஸ்திதான்.

அங்கல்லாம் என்ன பேசிக்கிறாங்க? அதே கதைதானா? தன் தெருக்காரங்க ஈர நெல்லைக் காஞ்ச நெல்லுன்னு பதிஞ்சு விட்டுருச்சு, கொட்டி வச்ச அம்பாரம் முழுக்கப் புழுங்கிப் போச்சு, சங்கம் வெளிய அனுப்பிருச்சு. அதானே? ம்ம்.

வாங்க, மெஷினையே காட்டுறேன். இப்ப சீசன் இல்ல, சம்பா இப்பத்தான் கதிர் வருது, அதான் களம் இப்படித் தூங்குது. இந்தச் சாக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க. இதான். நான் கட்டுனது. உள்ள இருக்கிற கம்ப்யூட்டரு உள்ளங்கை அளவுதான். மேல சின்னத் திரை. கீழ தராசு. அந்தக் கறுப்பு வயரு நுனில இருக்கிறதுதான் ஈரம் பாக்குற கம்பி, நெல்லுக்குள்ள குத்துனா நம்பர் சொல்லும். நூத்துக்குப் பதினேழுக்குள்ள ஈரம் இருந்தா அம்பாரத்துல கொட்டலாம். அதுக்கு மேலன்னா களத்துல பரத்திக் காய வச்சிட்டுத்தான் எடுப்போம்.

போடுறேன் பாருங்க. கறுப்புத் திரை... ஒண்ணுமே வரல, இல்ல? நேரா எடை, ஈரம். சத்தம் இல்லாம வந்து நிக்குது. அதை அப்படி நிக்க வச்சது நான்தான்.

சிங்கப்பூர்ல எனக்கு இதான் பொழப்பு மேடம். கெர்னல்னு சொல்லுவோம், கம்ப்யூட்டருக்கு அடிமடில இருக்கிற புரோகிராமு. அதைக் கட்டுறப்ப ஆயிரக்கணக்குல கேள்வி கேக்கும். இது வேணுமா, அது வேணுமா, திரைல எழுத்து எவ்வளவு பெருசு, எத்தனை நிமிசம் சும்மா இருந்தா திரை அணையணும், உள்ள நடக்குறதையெல்லாம் திரைல எழுதிக் காட்டணுமா வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா. உக்காந்து ஒவ்வொண்ணாப் பதில் சொல்லணும். அங்க இருந்தவரைக்கும் இந்தத் திரைக் கேள்வியையெல்லாம் நான் ஏறெடுத்தும் பாத்ததில்ல. எவன் பாக்கப் போறான் கறுப்புத் திரையைன்னு இருந்துருவேன்.

இங்க வந்து வச்சா, ஊரே அதைத்தான் பாக்குது!

மொதல் சீசன்ல பத்து நிமிசம் யாரும் தொடலன்னா திரை அணைஞ்சிரும். அது வழக்கமா இருக்கிறதுதான். ஒரு தடவை கீழத்தெரு காளியம்மாள் வண்டி வர்ற நேரமாப் பாத்து அணைஞ்சு கெடந்துச்சு. அந்தம்மா இடுப்புல கை வச்சிக்கிட்டு, ஏன்யா சிங்கப்பூராரே, எங்க நெல்லைப் பாத்தா மட்டும் உங்க மெஷின் கண்ணை மூடிக்குதேன்னு கேட்டுச்சு. களமே சிரிக்குது. சிரிச்சாங்களே ஒழிய அதுக்கப்பறம் மூணு நாளு ஒருத்தர் விடாம திரையை மொறைச்சிக்கிட்டே நின்னாங்க. அணையாம பண்ணேன். அப்பறம் சுவிட்சைப் போட்டவொடனே சரசரன்னு நூறு வரி ஓடும், எல்லாம் இங்கிலீசு. என்னமோ மறைச்சு ஓட்டுறானேன்னு பேச்சு. அதையும் வாயை மூட வச்சேன். தமிழ்ல போடுங்கன்னாங்க. அது மட்டும் முடியல. இந்த மாதிரித் திரைல ஐநூறு சொச்சம் உருவத்துக்குத்தான் எடம். நம்ம எழுத்தைக் கொம்பும் காலும் ஒட்டிக் கோக்கத் தெரியாது அதுக்கு. அதனாலதான் பாருங்க, ஈரம்னு இங்கிலீசு எழுத்துல எழுதியிருக்கு. ரெண்டு மொழியும் படிச்சு என்ன பிரயோசனம், ஒண்ணோட சட்டையை இன்னொண்ணுக்கு மாட்டி விட்டுருக்கேன்.

என்ன, வாட்சைப் பாக்குறீங்க? கனிமொழிக்குத்தான் வர்றேன். நீங்க போனைக் கவுத்து வச்சதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேச்சு பதிவாகுதோ என்னமோ, பரவால்ல, இருக்கட்டும்.

அது பி.எஸ்சி. கம்ப்யூட்டர். ரெத்தினத்தோட அப்பா எங்க வயல்ல ஆள் வேலை பாத்தவரு, இப்ப ரெத்தினம் ரெண்டு ஏக்கர் சொந்தம், மூணு ஏக்கர் குத்தகைன்னு நிக்கிறாரு. கனிமொழிய மெஷின்ல உக்கார வைப்போம்னு சொன்னதே நான்தான். மச்சானுக்குப் புடிக்கல. வாய் விட்டுச் சொல்லல, நம்ம தெருவுல படிச்ச புள்ளையே இல்லயா மாப்புளன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. நமக்குப் புரியாதா?

குறுவை அறுப்பு. ஐப்பசி மழை எப்படின்னு உங்க ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அன்னைக்கு விடிகாலைலேர்ந்து வண்டி வரிசை. மொதல்ல மச்சான் நெல்லு, பதினாறு புள்ளி நாலு. நல்லாக் காய வச்ச நெல்லு. அதுக்கப்பறம் ஒம்போது வண்டி. ஒம்போதும் பதினாறு புள்ளி நாலு. பாதிக்கு மேல கீழத்தெரு வண்டி. எல்லாத்தையும் ஒரே அம்பாரத்துல கொட்டியாச்சு. ஆறாம் நாளு களத்துல வேலை பாக்குற பூவம்மாள் வந்து உள்ள கையை விட்டுப் பாத்துட்டு வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு. சுடுது. நடுவுல முளை விட்டுருச்சு. வாடை எங்க வீடு வரைக்கும் அடிச்சுது. ஊரோட குறுவை நெல்லு அது.

அன்னைக்கே கூட்டம். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. மெஷின் பொய் சொல்லுமா மாப்புளன்னு மச்சான் கேக்குறாரு. நான் எந்திரிச்சு நின்னு, அது சொல்லாது, எழுதுனதைத்தான் காட்டும்னேன்.

அவ்வளவுதான் மேடம் நான் பேசுனது. கனிமொழிய நான் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லத் தேவையே இல்லாமப் போச்சு. ஒம்போது வண்டிக்கு ஒரே நம்பரா, எவனாவது நம்புவானா, கையால அடிச்சிருக்குன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு. அந்தப் புள்ள அழவே இல்ல. என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அழாததையே ஒரு குத்தமாப் பேசுனாங்க, திமிருன்னு. நானும் உள்ளுக்குள்ள, தப்புப் பண்ணாததுன்னா அழுதிருக்குமேன்னு நெனச்சேன். பொய் சொல்லல உங்ககிட்ட. நெனச்சேன்.

இருங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும். இப்ப கம்பி குத்தாமலே பதினாலு புள்ளி ஒண்ணுன்னு நிக்குது பாருங்க, அது காலைல நான் பாத்த கடைசி நெல்லோட நம்பரு. இப்ப இந்த வயரை உருவிடுறேன். உருவிட்டேன். கைலயே இருக்கு பாருங்க. திரைல என்ன இருக்கு?

ஆமா. அதே பதினாலு புள்ளி ஒண்ணு. ஒரு எச்சரிக்கை, ஒரு மணிச்சத்தம், ஒண்ணு கெடயாது. இப்ப நீங்க தண்ணில முக்குன நெல்லைக் கொண்டாந்து வச்சாலும் பதினாலு புள்ளி ஒண்ணுதான்.

இல்ல மேடம், எச்சரிக்கை எழுதாம விட்டேன்னு நெனைக்காதீங்க. எழுதியிருக்கேன். கம்பி கழண்டா, கம்பி இல்லை, பழைய நம்பரை நம்பாதேன்னு இருபத்தி நாலாவது வரில வரும். நான் மெஷினைக் கட்டுனப்ப திரைக்கு முப்பது வரி. நாலு தடவை வயரை உருவி உருவிப் பாத்தேன், வந்துச்சு. அப்பறம் குறுவைக்கு முன்னாடி பூவம்மாள், கண்ணுல பொரை, ஒண்ணும் தெரியல தம்பி, கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதான்னு கேட்டுச்சு. இதென்ன பெரிய விசயம்னு கெர்னலைத் திரும்பக் கட்டி எழுத்தை ரெண்டு மடங்கு ஆக்குனேன். எல்லாருக்கும் சந்தோசம். சாயங்காலம் எனக்கு ஒரு தார் வாழைப்பழம்கூட வந்துச்சு. எழுத்து ரெண்டு மடங்குன்னா வரி பாதியாயிரும்ல? முப்பது, பதினஞ்சாயிருச்சு. இருபத்தி நாலாவது வரில எழுதுன்னா திரைல எடம் இல்ல. கடைசி வரிலயே எழுதும். அடுத்த நொடியே அடுத்த வண்டின்னு இன்னொரு வரி அது மேலயே வந்து ஒக்காந்துரும். கண்ணு இமைக்கிறதுக்குள்ள போயிரும். கெர்னலே தன்னால ஒரு வரி கத்தியிருக்கும், கம்பி கழண்டுருச்சுன்னு. அதைத்தான் நான் மொதல்லயே வாயை அடச்சு வச்சிட்டேனே. முன்னெல்லாம் ஒரு பட்டனை அழுத்துனா போன வரிய மேல ஓட்டித் திரும்பப் பாக்கலாம். புதுக் கெர்னல்ல அதையும் எடுத்துட்டாங்க.

எலி கடிச்சுதா, வண்டிச் சாக்கு இழுத்துச்சா, வயரு எப்படிக் கழண்டுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சாயங்காலம் ஆளுங்க கூட்டிப் பெருக்குறப்ப யாரோ திரும்பச் சொருகியிருக்காங்க, அவ்வளவுதான்.

எழுத்து பெருசான ரெண்டாம் நாளே கனிமொழி வந்து கேட்டுச்சு மேடம். அண்ணே, அடியில ஒரு எடம் சும்மா இருக்கும்ல, கம்பி பத்தி வரும்னு சொல்லிக் குடுத்தீங்களே, இப்ப அந்த எடத்தையே காணுமேண்ணேன்னு. நான் டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். இருக்கிறதைப் படிம்மா, இல்லாததை ஏன் தேடுறன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சேன். கூட்டத்துல அது என்னையப் பாத்துக்கிட்டு நின்னுச்சுன்னேன்ல. அதைச் சொல்லுவேன்னு பாத்துருக்கு. எனக்கு ஞாபகமே வரல. நம்புவீங்களா? எங்க வீட்டுலயே நம்ப மாட்டாங்க.

எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்குறீங்க.

அது ஒம்போது நாளைக்கு முன்னாடி. நெல்லு புழுங்கி அப்பவே எட்டு வாரம் ஆயிருந்துச்சு. சம்பாவுக்கு மெஷினைத் தொடச்சு வைப்போம்னு வந்தேன், தொடைக்கிறப்ப வயரு கழண்டு கைல வந்துச்சு. திரை அசையல. அங்கேயே, அந்தச் சாக்கு மேல உக்காந்துட்டேன். அப்பறம் எந்திரிச்சு எழுத்தைப் பழையபடி சின்னதாக்கிட்டேன். பூவம்மாள் கேட்டதுக்கு, மெஷினுக்குப் புதுசு ஏத்தியிருக்கு, இனிமே இப்படித்தான்னேன். யாருக்கும் சொல்லல. என் வீட்டுக்காரிக்கும் சொல்லல. பக்கத்துல ஆறு சங்கத்துல இதே மாதிரி கட்டிக் குடுங்கன்னு கேட்டுருக்காங்க, உங்களுதும் அதுல ஒண்ணோன்னு மொதல்ல ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவை வாசல்ல வண்டி நின்னாலும் இதைக் கேக்கத்தான் வந்துருக்காங்கன்னு நெனச்சு நெனச்சு, நீங்க வந்தவொடனே... சரி, அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

சின்னதாக்கிட்டேன்னீங்க, இப்ப பெருசால்ல இருக்குங்கிறீங்க. கரெக்டு. நல்ல கண்ணு.

இன்னைக்குக் காலைலதான் திரும்பப் பெருசாக்குனேன். குறுவையப்ப எப்படி இருந்துச்சோ, ஒரு வரி மாத்தாம, அதே மாதிரி. நாளைக்குப் பத்து மணிக்குப் பொதுக்குழு. மச்சானுக்கு என்ன ஏதுன்னு சொல்லல, மெஷினை நடுவுல தூக்கி வைக்க நாலு ஆளு மட்டும் கேட்டுருக்கேன். ரெத்தினம் வீட்டுக்கு நானே போயிட்டு வந்துட்டேன். கனிமொழி வருது. வயரை எல்லாருக்கும் முன்னாடி நான்தான் உருவப் போறேன்.