நாலாம் பாகத்து வைத்தியன்

சத்தமாக வாசிப்பவர்கள் இடைக்கிடை வெந்நீர் குடிக்க வேண்டும் ஐயா. இல்லாவிட்டால் முப்பதாம் பக்கத்திலேயே தொண்டை கட்டிக்கொள்ளும். ஒன்றரை வருடம் வாசித்தேன், எனக்கு ஒரு நாளும் கட்டவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நல்லரத்தினம் என் அக்காவின் கணவர். தேற்றாத்தீவில் அந்த வீடு எங்கள் வழக்கப்படி சீதனமாக அக்காவுக்குக் கொடுத்தது. அக்கா போனபின் அவள் மகள் சுலோஜனாவுக்கு. எனக்குக் கல்யாணமும் இல்லை, வீடும் இல்லை; பின்னறையில் இருந்தேன். குறை சொல்லவில்லை, வேளைக்குச் சோறு தந்தார்கள். ஆனால் ஐம்பத்தாறு வயதுவரை நான் சேர்ந்தாற்போல் நாலு வசனம் பேசி யாரும் இருந்து கேட்டதில்லை.

அத்தானுக்குக் கண் மங்கியபோது, பொழுது போகட்டும் என்று சுலோஜனாதான் அந்த ஏழு பாகச் சரித்திர நாவலை வாங்கி வந்தாள். துறைமுகத்து வணிகர்களின் கதை. கப்பலில் முத்தும் கறுவாவும் ஏறும், கூடவே சூதும் ஏறும். தனபாலச் செட்டி என்ற பெருவணிகரைக் கவிழ்க்க ஊரே வலை பின்னும். சுலோஜனா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், நேரமில்லை. "சின்னம்மா, நீங்க வாசிச்சுக் காட்டுங்களன்" என்றாள்.

மத்தியானச் சோறு முடிந்ததும் அத்தான் வாவிக் காற்றுப் படும் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கூப்பிடுவார். "லெச்சுமி, செட்டியார விட்ட இடத்துல இருந்து தொடங்கு புள்ள." என் பெயரை ஒருவர் காத்திருந்து கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அந்தச் சந்தோசத்தை உங்களுக்கு மறைக்கப் போவதில்லை.

நாலாம் பாகம் தொடங்கிய கிழமை கிளினிக்கில் சொன்னார்கள்: கண்ணில் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிறது, காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் நரம்பு தப்பும், ஆறு மாதத்தில் கண்ணை மூடியிருக்கும் வெண்படலத்தை ஒப்பரேசன் செய்து எடுக்கலாம். சுலோஜனா சிரித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, கடைசிப் பாகத்த நீங்களே வாசிப்பீங்க."

அவருக்குப் பார்வை வந்தால் பிறகு நான் ஆர்? பின்னறையும் சோறும் பேச்சில்லாத பகலும்தான். மூன்று நாள் எழுதியிருந்ததையே வாசித்தேன். நாலாம் நாள் கதைக்குள் ஒரு வைத்தியனைக் கொண்டுவந்தேன்.

புத்தகத்தில் செட்டியாரின் மகள் தகப்பனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். நான் அவள் கையில் ஒரு மருந்துச் சிமிழைக் கொடுத்தேன். சீனக் கப்பலில் வந்த வைத்தியனை அவளுக்குக் கூட்டாக்கினேன். பார்வைக்கு நல்லது என்று சொல்லி அவள் தகப்பனின் கண்ணில் விடுகிறாள், கண் எரிகிறது, ஒவ்வொரு துளிக்கும் கொஞ்சம் இருள்கிறது. சுலோஜனாவைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னதில்லை ஐயா. சொல்லியிருந்தால் பாவம்.

கிளினிக் மருந்தும் சற்று எரியும். எரியும் என்று அதன் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே எழுதியிருந்தது. அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

இரண்டு கிழமையில் அத்தான் மகளின் கையைத் தட்டிவிட்டார்.

"எரியுது மகள். வேணாம்."

"விடாட்டிப் பார்வ போயிரும் அப்பா. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஆருக்கு வேணும் என்ட பார்வ?"

அவள் கெஞ்சி அழுதது பின்னறைவரை கேட்டது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "லெச்சுமி விடட்டும்."

நான் விட்டேன். காலையும் மாலையும், ஒரு நாள் தவறாமல். "உன்ட கையால எரியல்ல புள்ள" என்றார். சுலோஜனா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆறாம் பாகம் வாசிக்கும்போது ஒரு நாள் அத்தான் கேட்டார். "லெச்சுமி, வாவி மினுங்கல்லயே. மழ மப்பா?"

"ஓம் அத்தான், மப்பு" என்றேன். நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

ஒப்பரேசனுக்குப் போன அன்று டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துப்போனது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றார். வீட்டுக்கு வந்ததும் சுலோஜனா தகப்பனிடம், என் கையை ஏன் தட்டினீர்கள் என்று கேட்டாள். அவர் செட்டியாரின் மகளைப் பற்றிச் சொன்னார். அடுத்த ஞாயிறு பகல் முழுக்க அவள் நாலாம் பாகத்தோடு இருந்தாள்.

"சின்னம்மா, இதுல வைத்தியனே இல்லையே."

"வாசிக்கத் தெரியணும் மகள்" என்றேன்.

பிறகுதான் அவள் மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு பொலிசுக்கு, உங்களிடம் வந்தாள். அதைச் சோதிக்க அனுப்ப வேண்டாம், வீண் செலவு. மருந்தைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டு, கொதித்தாறிய தண்ணீரை நான்தான் நிரப்பினேன். என் கைக்கு வந்த நாளிலிருந்து தண்ணீர்தான். தண்ணீர் எரியாது.

அத்தானுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். சொல்ல வேண்டாம். ஏழாம் பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. பின்னேரம் இரண்டு மணிக்கு மட்டும் என்னை அங்கே விடுங்கள், முடிந்ததும் நானே திரும்பி வருகிறேன். சுலோஜனா நல்ல பிள்ளை, ஆனால் அவள் வாசித்தால் அதில் எழுதியிருப்பதைத்தான் வாசிப்பாள். கண்ணில்லாத அந்த மனுசனிடம் யாராவது அப்படிச் செய்வார்களா ஐயா?