குதிகால் எழாமல் வைத்த அடி

என் பெயர் ஷாலினி. வயது பதினாறு. த/பெ தேசப்பன். பழவேற்காடு ஏரிக்கரையில் குடியிருந்து பதினோராம் வகுப்பு படித்து வருகிறேன். முதலில் சொன்னதில் பொய் இருந்ததால், இம்முறை எதையும் விடாமல் உள்ளபடியே சொல்வேன் என்று கூறி, என் தாயார் குப்பம்மாள் முன்னிலையில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

புயல் பாதுகாப்பு மையத்தில் மோகன்குமார் மாஸ்டர் எங்களுக்கு ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்றுத்தருகிறார். மரவாள் பயிற்சியில் இருவரும் வாள்முனைகள் தொடும் இடைவெளியில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஓரடி முன்னே வைத்தால்தான் அடி எட்டும். அடிப்பவரின் குதிகால் எழுவதைக் கண்டதும் எதிரில் நிற்பவர் விலக வேண்டும். நான் அம்மாவுடன் ஏரியில் கையால் இறால் பிடித்துப் பழகியவள். கெளுத்தி மீனின் முள் குத்தாமலும் சேறு கலங்காமலும் இருக்க, அங்கே காலைத் தூக்காமல் தேய்த்துத்தான் நடப்போம். பயிற்சியிலும் அப்படியே வந்தேன். எனக்கு எதிரில் நின்ற, காட்டூரிலிருந்து வரும் ஜமுனா, "இன்னாடி, இங்கயும் எறா தடவிக்கினு வர்ற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், "காலத் தூக்கி வைம்மா. நீ எப்ப வர்றனு அவளுக்குத் தெரியணும்" என்றார். அதன் பிறகு தூக்கித்தான் வைத்தேன்.

கடந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிட்டது. மற்றவர்கள் சென்ற பிறகு, மாஸ்டர் வண்டியை எடுக்க வெளியே போயிருந்தபோது, ஜமுனா "இன்னொரு தபா வா, எறாக்காரி" என்று வாளை ஏந்தி நின்றாள். அவள் என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அதனால் காலைத் தேய்த்தே நெருங்கி, அவள் அறியுமுன் அடித்தேன். அவள் தோளருகே காறையெலும்பு உடைந்தது நண்டு ஓடு உடைவதைப் போலக் கேட்டது. அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நீ காலே எடுக்கலயேடி" என்றாள்.

அதன் பிறகு உள்ளே ஓடிவந்த மாஸ்டரிடம், "கரன்ட் போச்சு மாஸ்டர், எவ்ளோ தூரம்னு தெரியல" என்றேன். அவர் நம்பினார். இருட்டில் பிள்ளைகளை அடிக்கவிட்டார் என்று ஜமுனாவின் தந்தை வேதாசலம் புகார் கொடுத்ததும், மாஸ்டரைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்திருப்பதும் இன்று காலை எனக்குத் தெரிந்தது. ஜமுனா இதுவரை என்னைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னவை, நடந்தவை. கையெழுத்திடும் முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். அன்று கரன்ட் போகவில்லை. நான் அடித்தபோது எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மாஸ்டரின் காலடிச் சத்தம் கேட்டது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் வாசலுக்கு வருவதற்குள் விளக்குகளை அணைத்தேன்.

(ஒப்பம்)
தே. ஷாலினி