வெறுங்கை

நான் நகம் வளர்ப்பதில்லை, ஐயா. சோதனைச்சாலையில் வேலை செய்கிறவனுக்குக் கைதான் முதல். பாருங்கள், ஒரு கீறல்கூட இருக்காது.

ஓசூரில் எங்கள் கம்பெனி பூச்சிமருந்தை நுண்ணுறைகளாகச் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிக்குள் விஷம் இருக்கும்; பால் புரதம் தோலாக அதை மூடிக்கொள்ளும். இலையில் காய்ந்த பிறகுதான் மெல்லக் கசியும். இதை நம்பவைக்க, எந்த ரோஜாப் பண்ணைக்குப் போனாலும் மருந்து வாளியில் வெறுங்கையை விட்டுக் காட்டுவேன். ஜவளகிரிப் பண்ணையில் மருந்தடிக்கும் சென்னப்பன் அதைப் பார்த்துத்தான் கையுறையைக் கழற்றினார். பிறகு எப்போதும் கையாலேயே கலக்குவார். "உங்க மருந்து கைய ஒண்ணும் பண்றதில்ல சார்" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன குளிரில் மருந்து கட்டிதட்டித் தெளிப்பான்கள் அடைத்துக்கொண்டன. புகார் மேல் புகார். நான் சர்பேக்டன்டைக் கூட்டினேன். சோப்பு இனம்தான். அளவோடு இருந்தால் புரதத்தோடு ஒத்துப்போகும். மிஞ்சினால் புரதத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. மருந்து தண்ணீராக ஓடியது. என் உதவியாளர் சுசித்ரா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து, "தோலே நிக்கல சார். விஷம் வெளிய வந்துருச்சு. இத அனுப்பாதீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆனால் நுண்ணோக்கியில் பார்ப்பது வேறு, தோலில் படுவது வேறு. தெரிந்துகொள்ள ஒரு கை வேண்டியிருந்தது.

நானே ஜவளகிரிக்குக் கொண்டுபோனேன். காரில் புதுக் கையுறைகள் இருந்தன. சென்னப்பன் வாளியை என் பக்கம் நகர்த்தி, "இன்னிக்கு நீங்க கைய விடலியா சார்?" என்றார். கையில் வெட்டு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முழங்கைவரை விட்டுக் கலக்கினார்.

மருந்தடித்து முடிக்கும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு முதலில் வியர்த்தது. பிறகு எச்சில் ஒழுகியது. கண்ணின் கருமணி சுருங்கியதையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவர் மனைவி மங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பவும் கலக்குன கைதானே சார்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

சுசித்ரா சொன்னதெல்லாம் உண்மை. தெரிந்தேதான் கொண்டுபோனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஐயா, கையை விடு என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.